நாக்கு சார் தின்னாத கிவிப் பழம்

காலையில் ஆறு நாற்பதுக்குக் குளியலறைக்குள் போனால், நாக்கு சார் ஏழு இருபத்தைந்துக்குத்தான் வெளியே வருவார். கையில் அன்றைய பேப்பர், காதில் செருகிய பென்சில். வீட்டில் மூன்று பேர், குளியலறை ஒன்றே ஒன்று, கழிப்பறையும் அதற்குள்ளேயே. வெளியே உலகமே தலைகீழாகப் போனாலும் அந்த முக்கால் மணி நேரத்தை மட்டும் மனுஷன் விட்டுக்கொடுக்க மாட்டார். கேட்டால், என் உடம்பு வாகு அப்படி, நான் என்ன பண்ணட்டும் என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வார்.

மலச்சிக்கல் இருந்தது உண்மைதான். அதை நாம் மறுக்க வேண்டாம். ஆனால் அதற்கு இருபது நிமிஷம் போதும். மீதி இருபத்தைந்து நிமிஷமும் குறுக்கெழுத்துப் போட்டிக்கு. இது தனக்கும் அந்தக் கதவுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

நாக்கு சார் என்பது கம்பெனியில் வைத்த பட்டப்பெயர். தேயிலைக் கம்பெனியில் சுவை பார்ப்பது அவர் உத்தியோகம். நீள மேசையில் நாற்பது வெள்ளைக் கிண்ணங்களில் டீயை ஊற்றி வைத்திருப்பார்கள். இவர் கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுழற்று சுழற்றி, பக்கத்திலிருக்கும் தொட்டியில் துப்புவார். துப்பிய கையோடு, இது மழைக்கு முன்னால் பறித்தது, இது மூட்டையில் ஈரம் பட்டது, இதில் போன வருஷத்துத் தூளைக் கலந்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போவார். இதுவரைக்கும் தப்பியதில்லை. கம்பெனியில் அதற்காக மரியாதை கொடுத்தார்கள். வீட்டில் யாரும் கொடுக்காததால் தானே எடுத்துக்கொண்டார். சாப்பாட்டில் உப்பு கால் சிட்டிகை கூடினாலும் ஒரு பிரசங்கம் நடக்கும்.

அவர் மனைவிக்குப் பஸ் டிப்போவில் டைம் கீப்பர் வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை நிமிஷம் தாமதம் என்று குறிப்பது அந்த அம்மாள்தான். முரட்டு டிரைவர்கள்கூட அந்தப் பேனாவைப் பார்த்தால் பவ்யமாகிவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவருக்குச் சொந்த வீட்டு வண்டியை மட்டும் நேரத்துக்குக் கிளப்ப முடியவில்லை. ஏழரைக்கு அவர் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் ஒரு பை நிறையக் கிவிப் பழம் வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தார். நாக்கு சார் ஒன்றை ஒற்றை விரலால் உருட்டிப் பார்த்தார்.

"என்ன இது, எலிக்குட்டி மாதிரி ரோமத்தோட?"

"கிவி. தினம் ரெண்டு சாப்பிட்டா உங்க காலை வேலை பத்து நிமிஷத்துல முடிஞ்சிடுமாம். டாக்டர் சொன்னாங்க."

"எந்த டாக்டர்?"

"எங்க டிப்போ டாக்டர். டிரைவருங்கல்லாம் நாள் முழுக்க உக்காந்தே இருக்கறவங்க. அவங்களுக்கு இதைத்தான் சொல்றாங்க."

"நான் என்ன டிரைவரா?"

"அவங்களைவிட நீங்கதான் அதிகமா உக்காந்திருக்கீங்க."

மகள் தட்டைப் பார்த்துச் சிரித்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். எட்டு மணி வகுப்புக்குப் பாதி நாள் சமையலறைக் குழாயில் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு ஓடுகிறவள். அவள் எந்தக் கட்சி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாள் பழத்தின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தார். நார்ச்சத்து நிறைய, வைட்டமின் சி ஆரஞ்சைவிட அதிகம், வயிறு லேசாகும், தூக்கம்கூட நன்றாக வரும் என்று சிலர் சொல்கிறார்கள். சாப்பிடுவதும் சுலபம். குறுக்கே வெட்டி, அவித்த முட்டையைத் தோண்டுகிறது போல ஸ்பூனால் தோண்டிச் சாப்பிடலாம். தோலைச் சீவி வட்டம் வட்டமாக நறுக்கலாம். ரோமத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுத் தோலோடு கடித்தால் நார் இன்னும் கூடுதல். காயாக இருந்தால் வாழைப்பழத்தோடு ஒரே பையில் போட்டு வைத்தால் பழுத்துவிடும். பாலில் கலந்து வைத்தால் மட்டும் கசந்துபோகும், அதைச் செய்யக் கூடாது.

நாக்கு சார் ஒவ்வொன்றுக்கும் ஒரு நொட்டை சொன்னார். ஸ்பூனால் தோண்டுவது குழந்தைகள் வேலை. தோலோடு தின்பது ஆடு மாடுகள் வேலை. வாழைப்பழத்தின் தயவில்தான் பழுக்கும் என்றால் அது என்ன பழம். கடைசியாகத் தன் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். சில பேருக்குக் கிவி சாப்பிட்டால் நாக்கு அரிக்குமாமே? தனக்கு அரித்தால் கம்பெனியின் கதி என்ன? நாற்பது கிண்ணத்துக்கும் யார் பதில் சொல்வது?

நாக்கு அரிக்கும் என்பதல்ல அவர் பயம். பத்து நிமிஷம் என்றாரே டாக்டர், அந்தப் பத்து நிமிஷம்தான் பயம். ஒரு நாளில் அவரை யாரும் எதையும் ருசி பார்த்துச் சொல்லச் சொல்லாத இடம் அது ஒன்றுதான். பஞ்சாயத்துக்கும் அங்கே கூப்பிட மாட்டார்கள். போனை எடுக்கச் சொல்லி யாரும் கத்துவதில்லை. ஏழு எழுத்தில் ஒரு வார்த்தையை நிதானமாகத் தேடும் அந்த சுகத்தை ஒரு ரோமக் காய்க்குப் பலி கொடுக்க அவர் தயாராக இல்லை.

ஆகவே அவரே ஒரு பந்தயம் கட்டினார். நாலு வாரம் தினம் இரண்டு கிவி சாப்பிடுவார். காலையில் சாப்பிட்டால் நாக்கு கெடும், அதனால் கம்பெனியில் டீ பார்த்து முடித்தபின் பதினொரு மணிக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை நாக்குக்கு ஓய்வு. நாலு வாரம் கழித்தும் நாற்பத்தைந்து நிமிஷம் அப்படியே இருந்தால், இந்த வீட்டில் கிவி என்ற பேச்சே எழக் கூடாது, ஆயுசுக்கும் அந்தக் கதவை யாரும் தட்டக் கூடாது. குறைந்துவிட்டால் என்ன என்று மகள் கேட்டாள். குறைந்துவிட்டால், அன்றிலிருந்து பேப்பர் உள்ளே போகாது, காலை வரிசையில் கடைசி ஆளாகத் தானே நிற்பதாகப் பெரிய மனசு பண்ணிச் சொன்னார்.

அம்மாள் உடனே சரி என்றார். அவ்வளவு சுலபத்தில் சரி என்றதே நாக்கு சாருக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. ஏனென்றால் அவர் மனசுக்குள் ஏற்கெனவே ஜெயித்துவிட்டார். ஒன்று, பழத்தைத் தின்னப் போவதே இல்லை. இரண்டு, தின்றாலும் தின்னாவிட்டாலும் உள்ளே எவ்வளவு நேரம் உட்காருவது என்பது உட்காருகிறவர் இஷ்டம். இப்படியொரு பந்தயத்தில் எவன் தோற்பான்?

திங்கட்கிழமை சின்ன டப்பாவில் இரண்டு பழம் கம்பெனிக்கு வந்தது. சுவை பார்க்கும் அறையில் அவரோடு வேலை செய்கிறவர் தராசுக்காரர். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தேயிலையைக் குண்டுமணி பிசகாமல் நிறுத்துப் போடுவது அவர் பொறுப்பு. ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார் நாக்கு சார். தராசுக்காரர் முதல் பழத்தை டீ ஸ்பூனால் தோண்டிச் சாப்பிட்டார், இரண்டாவதைச் சட்டையில் தேய்த்துத் தோலோடு கடித்தார், கண்ணை மூடிக்கொண்டு சப்புக் கொட்டினார். எப்படி இருக்கிறது என்று இவர் கேட்டுவைத்துக்கொண்டார். கேட்டதை மனப்பாடமும் பண்ணிக்கொண்டார்.

சாயந்திரம் அம்மாள் விசாரித்தபோது மடை திறந்தாற்போலக் கொட்டினார்.

"முதல்ல ஒரு புளிப்பு எழும்புது. அப்புறம் நடு நாக்குல இனிப்பு பரவுது. கடைசியா விதை நறுக்குனு கடிபடும் பாரு, அது தனி."

"அப்ப நல்லாத்தான் இருக்கா?"

"நல்லா இருக்கறது வேற. குணம் பண்றது வேற. பாக்கலாம்."

செவ்வாயும் புதனும் இப்படியே நடந்தன. வியாழக்கிழமை தராசுக்காரர் லீவு. பேரனுக்குக் காது குத்தோ பல் பிடுங்கலோ, ஏதோ ஒன்று. பதினொரு மணிக்கு நாக்கு சார் டப்பாவை எடுத்தார். அக்கம் பக்கம் பார்த்தார். மூடியைத் திறந்து, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், தேயிலைச் சக்கை கொட்டும் பீப்பாயில் கவிழ்த்தார். சாயந்திரம் வீட்டுக்குப் போனதும், இன்றைக்குப் பழம் தேனாக இருந்தது, ஸ்பூன் வைத்த உடனே வழுக்கிக்கொண்டு வந்தது என்றார். அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்படியா என்றார். மகள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். அங்கே வெகு நேரம் இருமினாள்.

மறுநாள் சாயந்திரம் கம்பெனியிலிருந்து வந்தவருக்கு ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சையாக ஏதோ ஜில்லென்று வந்தது. வெயிலில் வருகிறாரே என்று வெள்ளரி ஜூஸ் போட்டதாக அம்மாள் சொன்னார். பழக்க தோஷத்தில் நாக்கு சார் அதைச் சர்ரென்று உறிஞ்சினார். சுழற்றினார். துப்புவதற்கு இடமில்லாததால் விழுங்கினார்.

"வெள்ளரி. புதினா. கொஞ்சம் தேன்," என்று விரல் மடக்கினார். "இன்னொண்ணு இருக்கு. இரு, சொல்லாதே."

அம்மாள் சொல்லவில்லை.

"பச்சை ஆப்பிள்."

"கண்டுபிடிச்சிட்டீங்களே. உங்க நாக்குக்கு முன்னாடி எதையாவது மறைக்க முடியுதா?"

மனுஷனுக்கு அன்றைக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியது. கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் அந்த அம்மாள் வாயால் இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. இன்னொரு டம்ளர் கேட்டார். இன்றைக்கு இதுதான், நாளைக்குக் கூடுதலாகப் போடுகிறேன் என்றார் அம்மாள். மறுநாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் சாயந்திர ஜூஸ் வந்தது. டப்பாப் பழம் தராசுக்காரருக்கும் டம்ளர் ஜூஸ் தனக்குமாக நாக்கு சாருக்கு நாட்கள் ஓடின.

இரண்டாவது வாரத்தில் ஓர் அதிசயம் நடந்தது. ஆறு நாற்பதுக்கு உள்ளே போனார்; பென்சிலைக் காதிலிருந்து எடுப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. மணி ஆறு நாற்பத்தேழு. தற்செயல் என்று நினைத்தார். மறுநாளும் ஏழு நிமிஷம். அதற்கு மறுநாளும் ஏழு. வயிறு பஞ்சாகிவிட்டது. மீதி முப்பத்தெட்டு நிமிஷமும் முழுசாக அவருக்கே. குறுக்கெழுத்தை முடித்து, வரி விளம்பரங்களை முடித்து, யாரோ தொலைத்த நாய்க்கு என்ன அடையாளம் என்பது வரை படித்துத் தீர்த்தார். காலெல்லாம் மரத்துப்போகும். அதனால் என்ன? சுகமும் அவருக்கு, நேரமும் அவருக்கு. வெளியே மகள் துண்டோடு நடை போடும் சத்தம் கேட்டால், பெரியவர்கள் உடம்பு நோவு இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்கே புரிகிறது என்று உள்ளிருந்தே அலுத்துக்கொள்வார்.

கம்பெனியிலும் அவர் கொடிதான் பறந்தது. வயிறு சுத்தமானால் நாக்கும் சுத்தமாகும் போலிருக்கிறது. முப்பத்திரண்டாம் கிண்ணத்தில் துளியூண்டு பாசி வாடை என்று சொல்லி ஒரு மூட்டையையே திருப்பி அனுப்ப வைத்தார். மானேஜர் நேரில் வந்து கை குலுக்கினார். எல்லாம் அந்த வெள்ளரி ஜூஸின் மகிமை என்று நாக்கு சார் மனசார நம்பினார். கிவியைத் தின்ற தராசுக்காரர் தானும் இப்போது சுறுசுறுப்பாக இருப்பதாகச் சொன்னபோதுகூட, அவர் காதில் அது ஏறவில்லை.

நாலாவது வாரத்து ஞாயிற்றுக்கிழமை. ஏழு இருபத்தைந்துக்கு வெற்றி வீரராக வெளியே வந்தார். அம்மாள் சாப்பாட்டு மேசையில் டிப்போ நோட்டு ஒன்றை விரித்து வைத்திருந்தார். அதில் இருபத்தெட்டு வரி. உள்ளே ஆறு நாற்பது, வெளியே ஏழு இருபத்தைந்து. இருபத்தெட்டும் ஒரே கணக்கு.

"நான் தோத்துட்டேங்க," என்றார் அம்மாள்.

இவ்வளவு லட்சணமாகத் தோல்வியை ஒப்புக்கொள்ளும் மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும்? நாக்கு சாருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. விடு, எல்லாப் பழமும் எல்லா உடம்புக்கும் ஒத்துக்கொள்ளாது என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

"அதான். நாளையிலேர்ந்து டப்பாவும் இல்லை, சாயந்திரம் ஜூஸும் இல்லை."

"ஜூஸ் ஏன் இல்லை?"

"அதுவும் ஒரு பிரயோஜனம் இல்லையே. நாப்பத்தஞ்சு நிமிஷம் அப்படியே நாப்பத்தஞ்சாத்தானே இருக்கு. எதுக்கு வீணா அரைச்சிட்டு இருக்கணும்?"

நாக்கு சாருக்கு அப்போதுதான் உறைத்தது. ஜூஸ் நின்றுபோனால் பழையபடி இருபது நிமிஷம் முக்க வேண்டும். பாசி வாடை பிடிக்கும் கூர்மை போய்விடும். மானேஜரின் கை குலுக்கல் போய்விடும்.

"யாரு பிரயோஜனம் இல்லைன்னு சொன்னா?" என்று பதறினார். "அந்த ஜூஸ் வந்ததுக்கு அப்புறம்தான் எனக்கு ஏழே நிமிஷத்துல..."

சொல்ல ஆரம்பித்த வாய் பாதியில் நின்றது. ஆனால் ஏழு வெளியே வந்துவிட்டது.

"ஏழு நிமிஷமா?" என்றாள் மகள். "அப்ப மிச்ச முப்பத்தெட்டு நிமிஷம் உள்ள என்னப்பா பண்ணீங்க?"

நாக்கு சார் அசடு வழிய நின்றார். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் லேசில் விடுகிறவர் இல்லை. ஏழு நிமிஷம் என்றே வைத்துக்கொண்டாலும் அது ஜூஸால் ஆனது. பந்தயம் கட்டியது கிவிக்குத்தானே தவிர வெள்ளரிக்கு அல்ல. வெள்ளரி, புதினா, தேன், பச்சை ஆப்பிள் நான்கும் சேர்ந்து குணம் பண்ணினால் அதில் கிவிக்கு என்ன பங்கு என்று சட்டம் பேசினார்.

அம்மாள் எழுந்து சமையலறைக்குப் போனார். அன்றைய ஜூஸுக்காக மசித்துவைத்திருந்ததை வடிகட்டியோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார். கீழே கிண்ணத்தில் பச்சைச் சதை இறங்கியிருந்தது. மேலே வலையில் கறுப்பு விதைகள் தங்கியிருந்தன. பக்கத்தில் இரண்டு கிவித் தோல், ரோமத்தோடு.

"ரெண்டு. தினமும்," என்றார்.

"என் நாக்குக்குத் தெரியாமயா?"

"ஒரே ஒரு பழத்தை நேர்மையாச் சாப்பிட்டிருந்தா முதல் வாய்லயே பிடிச்சிருப்பீங்க. ருசி தெரியாததை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

நாற்பது கிண்ணத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தான் சாப்பிடவில்லை என்று எப்படித் தெரியும் என்று ஈனசுரத்தில் கேட்டார்.

"நாலாம் நாள் பழம் தேனா இருந்துது, வழுக்கிட்டு வந்துதுன்னு சொன்னீங்களே. அன்னைக்கு டப்பால நான் வெச்சது சேப்பங்கிழங்கு."

மகள் இந்தத் தடவை சமையலறைக்குப் போகாமல் அங்கேயே சிரித்தாள். அப்படியானால் அதற்குப் பிறகும் ஏன் டப்பாவில் பழம் வந்தது என்று நாக்கு சாருக்குப் புரியவில்லை. முதல் நாள் ருசியை ஒப்பித்தீர்களே, அதைத் தின்று சொன்ன யாரோ ஒருத்தர் நாலு வாரமாகச் சாப்பிடுகிறார், அவருக்கு மட்டும் வயிறு இல்லையா என்றார் அம்மாள். அரிப்பைப் பற்றியும் அவர் மறக்கவில்லை. முதல் நாள் ஒரு ஸ்பூன் அளவு மட்டும் கலந்து கொடுத்துவிட்டு, படுக்கும் வரை இவர் நாக்கைச் சொறிகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தாராம். அதனால்தான் அன்றைக்கு இரண்டாவது டம்ளர் கிடைக்கவில்லை.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு சுத்தி வளைச்சே? நேரா என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றார் நாக்கு சார்.

"சொன்னேனே. கதவுக்கு வெளியே நின்னு சொன்னேன். இருபத்தோரு வருஷமா, உங்களுக்கு முன்னாடி குளிக்கறதுக்காகவே அஞ்சு மணிக்கு எந்திரிக்கறேன். நீங்க உள்ள படிச்சிட்டு இருந்தீங்க, காதுல விழலை போல."

கோபமாகச் சொல்லியிருந்தால் இவரும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அந்த அம்மாள் பஸ் வந்த நேரத்தைச் சொல்வது போலத்தான் சொன்னார். நாக்கு சாருக்கு உண்மையிலேயே வெட்கமாகிவிட்டது. இத்தனை வருஷம் அந்த அலாரச் சத்தத்தை அவரும் கேட்டுத்தான் இருக்கிறார். டிப்போ வேலை என்றால் சீக்கிரம் எழத்தான் வேண்டும் போல என்று புரண்டு படுத்திருக்கிறார். காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். பந்தயத்தில் தோற்றது தோற்றதுதான், நாளையிலிருந்து நான் கடைசி ஆள் என்று வாயாலேயே சொன்னார். மனசிலிருந்துதான் சொன்னார். கடைசி ஆள் என்றால் எப்படியும் ஏழு மணிக்குள் தன் முறை வந்துவிடும் என்றும் கூடவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை வீட்டில் ஐந்து மணிக்கு அலாரம் அடிக்கவில்லை. அம்மாள் ஆறரைக்கு எழுந்தார், சோம்பல் முறித்தார், ஆறு நாற்பதுக்குப் பேப்பரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இன்றைக்கு டிப்போவுக்குப் பத்து மணிக்குத்தான் போக வேண்டும் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

கிவி ஒழுங்கான பழம். பழக்கிய நேரத்துக்கு அதன் வேலையைச் செய்துவிடுகிறது. ஆறு நாற்பத்தைந்துக்கு நாக்கு சார் கூடத்தில் நடக்க ஆரம்பித்தார். ஏழு மணிக்கு நடையை நிறுத்திவிட்டு, அசையாமல் ஓர் இடத்தில் நின்றார். ஏழு பத்துக்கு, ஆயுசுக்கும் யாரும் தட்டக் கூடாது என்று தான் சொன்ன அதே கதவை ஒற்றை விரலால் தட்டினார்.

"ஏம்மா, கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா?"

உள்ளே பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. இப்போதுதான் இரண்டாம் பக்கத்துக்கு வந்திருப்பதாகப் பதில் வந்தது. நாக்கு சார் கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு, எப்படியும் ஏழு இருபத்தைந்துக்கு வந்துவிடுவாள், பதினைந்து நிமிஷம்தானே என்று பல்லைக் கடித்தார்.

பின்னாலிருந்து தோளை யாரோ தொட்டார்கள். மகள் துண்டும் எண்ணெய்க் கிண்ணமுமாக நின்றாள்.

"கொஞ்சம் நகருங்கப்பா. அடுத்தது நான். இன்னைக்குத் தலைக்குக் குளிக்கறேன்."